முதுகுக்குள் கம்பி, முருகனுக்கு நேர்த்தி

பிசியோதெரப்பி படித்துவிட்டு, வலிக்கென்று நடத்தும் கிளினிக்குகளில் இப்போதுதான் காலடி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். தசைகளின் பெயரும் நரம்புகளின் பெயரும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எந்தப் பயிற்சியை எப்படிச் செய்விப்பது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. நான் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறிப் போய், கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முதுகு நோயாளிகளோடு மல்லுக்கட்டி, கடைசியில் என் முழங்கால்களே சொல்வழி கேட்காமல் போனதால் வீட்டில் இருப்பவள். போனில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நம் வேலையில் கஷ்டமான இடம் ஒன்றுதான். நோயாளி முகத்தைப் பார்த்து, "மிஸ், இதைச் செய்யட்டோ?" என்று கேட்பார். ஓம் என்பதா, வேண்டாம் என்பதா? ஒரே கேள்வியை ஒரே மனிதர் என்னிடம் இரண்டு தரம் கேட்டார். முதல் தரம் வேண்டாம் என்றேன். இரண்டாம் தரம் ஓம் என்றேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவர் வெள்ளவத்தையில் ரியூஷன் வகுப்பு நடத்தும் கணக்கு வாத்தியார். ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்டதால் நானும் மாஸ்டர் என்றே எழுதுகிறேன். முதுகில் ஒப்பரேஷன் செய்து, அது சரிவராமல், இடது காலில் நரம்பு வலி நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது. இடுப்பிலிருந்து பாதம் வரை கொதிதண்ணீர் ஓடுகிற மாதிரி என்று சொல்வார். பெரிய வகுப்புகளைக் கைவிட்டு, வீட்டில் கதிரையில் இருந்தபடி நாலைந்து பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கரும்பலகைக்கு முன்னால் நின்றே பழகிய மனிதரை உட்கார வைத்தால் அவருக்குப் பாதி உயிர்தான்.

முதல் நாள் நான், புத்தகத்தில் உள்ளபடி, "பத்துக்கு எத்தனை வலி மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"மிஸ், நான் மற்றவைக்கு மாக்ஸ் போடுற ஆள். என்ர வலிக்கு என்னையே மாக்ஸ் போடச் சொல்லுறீங்களோ?" என்றார். "வகுப்பெடுக்க ஏலுமோ எண்டு கேளுங்கோ. ஏலாது. அவ்வளவுதான் கணக்கு."

அன்றிலிருந்து நான் எவரிடமும் அந்தக் கேள்வியை முதலில் கேட்பதில்லை. படிவத்தில் கட்டம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். கட்டத்தைப் பிறகு நிரப்பலாம்.

மருந்துகள் எல்லாம் பார்த்து அலுத்த பிறகு, டொக்டர் அவருக்கு ஸ்டிமுலேற்றர் வைத்தார். முதுகெலும்புக்குள் தண்டுவடத்தை ஒட்டினாற்போல் நூல் மாதிரி ஒரு கம்பி. பிட்டத்துக்கு மேலே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு பற்றரி. வெளியிலிருந்து ரிமோட்டால் கூட்டலாம், குறைக்கலாம், நிற்பாட்டலாம். அது விடுகிற மெல்லிய கறண்ட், காலிலிருந்து மூளைக்குப் போகும் வலியைக் குழப்பிவிடும். வலி தொலைந்து போகாது, அதன் சத்தம் அடங்கும். மாஸ்டருக்கு நன்றாகவே அடங்கியது. ஒப்பரேஷனுக்குப் பிறகு எழும்பி நின்றவர், யன்னலைப் பிடித்துக்கொண்டு கனநேரம் வீதியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மனைவி வசந்தி கட்டில் விளிம்பில் இருந்து அழுதார்.

ஆனால் கம்பி உள்ளே போன முதற் கிழமைகள் பொல்லாதவை. சுற்றிச் சதை வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும் வரை குனிய, முறுக, கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. கம்பி நகர்ந்தால் வலிக்காது. நோயாளிக்குத் தெரியவே வராது. அடுத்த நாள் கறண்ட் காலுக்குப் போகாமல் வயிற்றுக்குப் போகும், பிறகு இன்னொரு ஒப்பரேஷன்.

ஆகவே கட்டிலில் புரள்வதையே நான் முதற் பாடமாகச் சொல்லிக் கொடுப்பேன். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், உடம்பு முழுதும் ஒரு மரக்கட்டை மாதிரி ஒரே துண்டாகப் புரள வேண்டும். மாஸ்டர் கெட்டிக்காரர், இரண்டாம் தரமே பிடித்துவிட்டார். பிடித்ததும் சிரித்தார்.

"மிஸ், இது அங்கப்பிரதட்சணம் எல்லோ!"

நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். கோயில் வீதியில் ஈர வேட்டியோடு ஆண்கள் உருண்டு சாமியைச் சுற்றி வருவார்கள் என்று கண்டிருக்கிறேனே தவிர அதற்கு மேல் தெரியாது. நானும் சேர்ந்து சிரித்தேன். வசந்தி சிரிக்கவில்லை. முகம் கறுத்து, எழும்பி வெளி வராந்தாவுக்குப் போய்விட்டார்.

"அவ நேர்த்தி வைச்சிருக்கிறா" என்றார் மாஸ்டர். "நான் எழும்பி நிண்டால், முருகனுக்கு என்னைத் தேரண்டைக்கு உருள விடுறன் எண்டு. எனக்கே முந்தநாள்தான் சொன்னவ."

"தேர் எப்ப?"

"வாற மூண்டாம் கிழமை."

மாஸ்டர் கோயிலுக்குப் போனாலும் வெளியே நின்று செருப்புக்குக் காவல் இருக்கிற ரகம். இருந்தும் அன்று என்னோடு வாதாடினார். "கட்டிலில உருளலாம் எண்டால் கோயில்ல ஏன் ஏலாது? சூத்திரம் ஒண்டுதானே மிஸ்?"

சூத்திரம் ஒன்றுதான். ஆனால் கட்டிலில் ஒரு புரளல். கோயிலில் உள்வீதி முழுதும், கல்நிலத்தில், கையைத் தலைக்கு மேல் நீட்டித் தேங்காயைப் பிடித்தபடி, பக்கத்தில் நிற்பவர்கள் தள்ளிவிடத் தள்ளிவிட உருள வேண்டும். அதில் எந்தக் கம்பியும் இடத்தில் நிற்காது. வேண்டாம் என்றேன். டொக்டரிடம் சொன்னபோது, "ஏலாது எண்டு எழுதியே குடுங்கோ" என்றார்.

பிள்ளைகளே, எழுதிக் கொடுப்பது சுலபம். நம் கை சுத்தமாகிவிடும். ஆனால் நான் பேனையை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். ஏனென்றால் மாஸ்டர் உருளாமல் விட்டாலும் கதை முடியாது. இந்தக் கருவி வைத்தவர்களுக்கும் கூடாத நாட்கள் வரும். மழைக்கு, களைப்புக்கு, ஒன்றுமில்லாததற்கும் கால் ஒரு வெட்டு வெட்டும். அப்படி வெட்டும்போதெல்லாம் அந்த வீட்டில் இரண்டு பேரும் என்ன நினைப்பார்கள்? நேர்த்தியைச் செய்யவில்லை, சாமி திருப்பி எடுக்கிறார் என்றுதானே. பயம் வந்தால் வலி கூடும். வலி கூடினால் பயம் கூடும். அந்தச் சுற்றுக்குள் அகப்பட்டு, கருவி சரியாக வேலை செய்தும் கட்டிலை விட்டு எழும்பாதவர்களை நான் கண்டிருக்கிறேன். அவருக்குக் கம்பியும் பிழைக்க வேண்டும், நேர்த்தியும் பிழைக்க வேண்டும். ஒன்றைக் காப்பாற்றி மற்றதைக் கெடுத்தால் மாஸ்டர் திரும்பக் கதிரைக்கே போய்விடுவார்.

மாஸ்டர் வீடு திரும்பிய பிறகு ஒரு பின்னேரம் அங்கே போனேன். காலிக்குப் போகும் பெரிய வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மாடியில் ஒரு ஃப்ளற். ரயில் போகும் நேரமெல்லாம் கதையை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர வேண்டும். மாஸ்டர் உள்ளே படுத்திருந்தார். வசந்தி தேத்தண்ணி தந்துவிட்டு, நான் கேட்குமுன்னமே சொன்னார்.

"மிஸ், நீங்கள் வேதம். உங்களுக்கு இது விளங்காது."

"எங்க கோயில்லயும் வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் முழங்கால்ல போறவங்க இருக்காங்க அக்கா. எனக்குக் கொஞ்சம் விளங்கும்" என்றேன். "பிந்திப் போனதுக்காக அந்தோனியார் யாரையும் அடிச்சதா மட்டும் நான் கேள்விப்படல்ல."

சிரிப்பார் என்று நினைத்தேன். இல்லை. கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டே கதைத்தார். "காலைக் குத்திக் குத்தி, இதை வெட்டி எறியச் சொல்லு எண்டு அவர் கத்தின நாள் நான் வைச்ச நேர்த்தி மிஸ். என்னட்டைக் குடுக்க வேற ஒண்டுமில்லை. அவருக்காகக் கேட்டதை அவர்தானே குடுக்கவேணும் எண்டு நினைச்சன். இப்ப அதாலேயே அவருக்குக் கேடு வரும் எண்டுறீங்கள். செய்தாலும் பயம். செய்யாட்டியும் பயம். நான் என்ன செய்ய?"

பதில் தெரியாத இடத்தில் கேள்வி கேட்பதுதான் நான் இந்தத் தொழிலில் கற்ற ஒரே வித்தை. கேட்டேன். "உங்க ஆக்கள்ல ஒருத்தருக்குக் காய்ச்சல், இல்லாட்டி வீட்டில ஒரு செத்தவீட்டுத் துடக்கு. சொன்ன நாளைக்கு நேர்த்தி செய்ய ஏலாமப் போனா என்ன செய்வாங்க?"

ஒரு ரயில் போய் முடிந்தது. வசந்தி தட்டை மேசையில் வைத்தார்.

"காசு முடிஞ்சு வைப்பினம்" என்றார் மெதுவாக. "மஞ்சள் துணியில ஒரு காசுக் குத்தியை முடிஞ்சு சாமியறையில வைக்கிறது. செய்வம், கட்டாயம் செய்வம், கொஞ்சம் பொறுத்துக்கொள் எண்டு."

"சாமி பொறுப்பாரா?"

"பொறுப்பார்தானே" என்று சொன்னவர், தான் சொன்னதைத் தானே கேட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எழும்பி உள்ளே போய், அலுமாரியைத் திறந்து மஞ்சள் துணி தேடத் தொடங்கினார்.

அந்த வருடத் தேரன்று மாஸ்டர் கோயில் வாசலில் நிமிர்ந்து நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். கம்பி இடத்தை விட்டு அசையவில்லை.

பிறகு வந்த மாதங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கருவி வைத்ததும் மனிதர் துள்ளி ஓடுவார் என்று எதிர்பார்த்தால் நீங்கள் ஏமாந்து போவீர்கள், அவரையும் ஏமாற்றுவீர்கள். மாஸ்டர் முதலில் மரைன் டிரைவ் ஓரமாகக் கொஞ்சத் தூரம் நடந்தார், களைக்க முதலே திரும்பினார். நல்ல நாளில் கூடுதலாக நடந்து, அடுத்த நாள் படுத்து, என்னிடம் ஏச்சு வாங்கினார். இரவுச் செய்தி பார்க்கும்போது இடுப்பில் பட்டியைக் கட்டிப் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவது வீட்டு வழக்கமானது. கொஞ்ச நேரம் நின்றும் கொஞ்ச நேரம் உயரமான ஸ்டூலில் சாய்ந்தும் பாடம் எடுக்கப் பழகினார். வகுப்பு மெல்ல மெல்லப் பெருத்தது. கூடாத நாளும் வந்தது. அப்போதெல்லாம் வசந்தியின் கண் சாமியறைப் பக்கம் போகும். துணி முடிச்சு அங்கேயே இருக்கும். கடன் இருக்கிறது, ஆனால் கோபம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வருடத் தேருக்கு முன்னால் இருவரும் கிளினிக்குக்கு வந்தார்கள். மாஸ்டர் அதே கேள்வியைக் கேட்டார். "மிஸ், இப்ப உருளட்டோ?"

டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "கம்பி நல்லாப் பிடிச்சிட்டுது. ஒரே துண்டா உருளலாம், முறுக்கக் கூடாது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் கூடப் போறீங்கள்தானே?" என்றார். அந்த ஒரு கேள்வியோடு முழுப் பொறுப்பையும் என் கைப்பைக்குள் போட்டுவிட்டார்.

பாய் விரித்துப் பழகினோம். வேட்டி முடிச்சு பற்றரியில் அழுத்தாமல் எங்கே கட்டுவது என்பதற்கே ஒரு நாள் போனது. கையைத் தலைக்கு மேல் நீட்ட நான் விடவில்லை. வசந்தி போய் ஐயரைக் கேட்டார். நெஞ்சோடு தேங்காயைப் பிடித்தால் முருகன் வேண்டாமென்றா சொல்லப் போகிறார் என்று ஐயர் சொன்னாராம். எல்லாம் சரி என்று நினைத்த நேரத்தில் மாஸ்டர் முதற் தரம் மல்லாந்தார். "ஐயோ" என்று கத்தினார்.

"கால் முழுக்கக் கறண்ட் மிஸ்!"

மல்லாந்து படுத்தால் தண்டுவடம் கம்பிக்குக் கிட்டப் போகும், அதே கறண்ட் பலமாக அடிக்கும். குப்புறப் புரண்டால் குறைந்துவிடும். வீதி முழுக்க உருளும் மனிதருக்கு அது அடிக்கு மேல் அடியாக வந்துகொண்டே இருக்கும். ஒரு வழிதான் இருந்தது. கருவியை நிற்பாட்டிவிட்டு உருள வேண்டும்.

"அப்ப வலி?" என்றார் வசந்தி.

"திரும்பி வரும்" என்றேன். அவருக்கு அது வர அதிக நேரம் எடுக்காது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"அப்ப வேண்டாம். நான் மாத்தி நேர்ந்துகொள்ளுறன். எனக்கு இவரை அப்பிடிப் பாக்க ஏலாது."

மாஸ்டர் பாயிலிருந்து எழும்பவில்லை. கூரையைப் பார்த்தபடி சொன்னார். "இத்தனை வருஷமும் இந்த வலி என்னைக் கேக்காமல் வந்தது. ஒரு நாளெண்டாலும் நான் கூப்பிட்டு வரட்டும் வசந்தி. விடும்."

நான் ஓம் என்றேன். ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டோம். ரிமோட் வசந்தியின் கையில். மாஸ்டருக்குப் போதும் என்றால் தேங்காயை விட வேண்டும். விட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துவோம், எவர் என்ன சொன்னாலும்.

தேரன்று விடியவே கோயிலில் சனம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே போனேன். மாஸ்டர் குளித்து ஈர வேட்டியோடு நின்றார். வசந்தி பற்றரி இருந்த இடத்துக்குக் கிட்ட ரிமோட்டைப் பிடித்து நிற்பாட்டினார். ஐயர் தேங்காயைக் கொடுத்தார். மாஸ்டர் நிலத்தில் படுத்து நெஞ்சோடு அதைக் கட்டிக்கொண்டார்.

முதற் பக்கம் நன்றாகப் போனது. தோளும் இடுப்பும் ஒன்றாக, நான் படிப்பித்தபடியே. நான் ஒரு பக்கம், வசந்தி ஒரு பக்கம். இரண்டாம் பக்கத்தில் வேகம் குறைந்தது. முகம் மாறத் தொடங்கியது. மேற்கு வீதி மூலையில் குப்புறப் புரண்டவர், அப்படியே நின்றுவிட்டார்.

சுற்றி நின்றவர்கள் "அரோகரா" என்றார்கள். பின்னால் உருண்டு வந்தவர்களுக்கு வழி அடைபட்டது. உதவிக்கு நின்ற ஒரு பெரியவர், நல்ல மனதோடுதான், குனிந்து மாஸ்டரின் இரண்டு கால்களையும் பிடித்துத் திருப்பப் போனார். கால் திரும்பித் தோள் திரும்பாவிட்டால் இடுப்பு முறுகும். அதற்குத்தான் நான் ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

"கால்ல கை வைக்காதீங்க!" என்று கத்தினேன். கோயிலுக்குள் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அவர் திடுக்கிட்டு விலகினார்.

"மிஸ், நிப்பாட்டுங்கோ" என்றார் வசந்தி. விரல் ரிமோட்டில் இருந்தது. "காணும். முருகனுக்கு இவ்வளவு காணும். நிப்பாட்டுங்கோ."

நிறுத்தச் சொல்வது எனக்கும் லேசாக இருந்திருக்கும். அத்தனை பேருக்கு முன்னால், கண்ணெதிரில் ஒரு மனிதர் வேதனையில் கிடக்கிறார். எனக்கு வேலை பழக்கிய பெரிய மிஸ் ஒருவர் இருந்தார், நல்ல வார்த்தை சொல்லித் தெரியாதவர். "அவன் கத்துறதைப் பாத்து நீ கத்தாதே. என்ன உடையப் போகுதெண்டு பார்" என்று என்னை ஏசியிருக்கிறார். அன்று அந்த ஏச்சுத்தான் காதில் கேட்டது. முழங்காலை ஊன்றி, மாஸ்டரின் முகத்துக்குக் கிட்டக் குனிந்தேன்.

"ரெண்டு பாதத்தையும் ஆட்டுங்க மாஸ்டர்."

ஆட்டினார். இரண்டும் நன்றாக ஆடின.

"எங்கயாவது மரத்துப் போச்சா? புதுசா ஏதும் வெட்டினதா?"

"இல்லை மிஸ்" என்றார். கன்னம் ஈர நிலத்தோடு ஒட்டியிருந்தது. கண்ணீர் வந்துகொண்டிருந்தது. "பழைய வலிதான்."

பழைய வலிதான். ஒரு வருடத்துக்கு முன் உருண்டிருந்தால் அவருக்கு ஒன்றும் வலித்திருக்காது, உள்ளே எல்லாம் கெட்டிருக்கும். இன்று உயிர் போகிற மாதிரி வலிக்கிறது, உள்ளே எதுவும் கெடவில்லை. பிள்ளைகளே, இந்த இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கத் தெரிந்தால் நீங்கள் இந்தத் தொழிலுக்கு ஆனவர்கள். அதை நோயாளியின் மனைவிக்கு நடுச் சனத்துக்குள் எப்படிச் சொல்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள். நான் மாஸ்டரின் கைகளைக் காட்டினேன்.

"அவர் தேங்காயை விடல்ல அக்கா."

வசந்தி குனிந்து பார்த்தார். நரம்பு புடைக்க, பத்து விரலும் தேங்காயை இறுக்கிக்கொண்டிருந்தன. ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தார். சேலையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாஸ்டர் ஒரு மூச்சு எடுத்துப் புரண்டார். தோளும் இடுப்பும் ஒன்றாக.

மிச்ச வீதி முழுக்க நான் என்ன செபித்தேன், யாரிடம் செபித்தேன் என்று எனக்குத் தெரியாது. அவர் இடையிடையே நின்றார். ஒவ்வொரு தரமும் நான் பாதத்தைப் பார்த்தேன், வசந்தி கையைப் பார்த்தார். கொடிமரத்தடிக்கு வந்ததும் தேங்காயைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு பக்கமாகச் சரிந்து, கையை ஊன்றி, நான் கட்டிலில் சொல்லிக் கொடுத்த அதே முறையில் எழும்பினார். எவரையும் பிடிக்க விடவில்லை. வசந்தி மஞ்சள் துணியை அவிழ்த்து, முடிந்து வைத்திருந்த குத்தியை உண்டியலில் போட்டார். பிறகு ஓடி வந்து ரிமோட்டை அவர் இடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"பொறும்" என்றார் மாஸ்டர்.

இடது கால் நடுங்கியது. முகத்தில் வேர்வையும் தண்ணீரும் வழிந்தன. உள்ளே விளக்கு எரிகிற பக்கம் பார்த்துக்கொண்டு, வலியோடு, நிமிர்ந்து நின்றார். பிறகு வசந்தியின் பக்கம் திரும்பினார்.

"இப்ப போடும் வசந்தி" என்றார். "பின்னேரம் கிளாஸ் இருக்கு."